தேங்காய்ப்பால் அல்வா எண்ணெய் கக்க மறுக்கிறது, பாயசம் மட்டும் திரிந்துபோகிறது: வழி சொல்லுங்கள்

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 6, இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக அடுப்படியில் போராடிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் ஊர் சாத்தான்குளம் பக்கம். சிறுவயதில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் முதலூரிலிருந்து மஸ்கோத் அல்வா வாங்கி வருவார்கள். நெய் ஒரு சொட்டுக்கூட இல்லாமல், தேங்காய்ப்பாலில் இருந்து வரும் எண்ணெயிலேயே வெந்து, கண்ணாடிபோல் இருக்குமே, அதுதான். அப்பாவுக்கு இப்போது பயணம் ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் கையாலேயே செய்துகொடுக்க வேண்டும் என்று ஆசை.

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அல்வா திரண்டது, ஆனால் எண்ணெய் பிரியவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கிண்டியும் மாவுப் பசைபோல மங்கலாக நின்றது. முதல் முறை செய்ததை டப்பாவில் போட்டு வைத்தேன், நான்காம் நாள் மேலே வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது.

இதற்கு நடுவில் அதே தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தேன். அது கட்டி கட்டியாகத் திரிந்துவிட்டது. பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல், பிரியக் கூடாத இடத்தில் பிரிந்தால் நான் என்னதான் செய்வது? தவறு எங்கே என்று யாராவது சொல்லுங்கள்.

---

அடுப்படி அவசரம்
டிசம்பர் 6, இரவு 9:32

இறக்கும்போது நாலு கரண்டி நெய் விடுங்கள். பளபளப்பு வந்துவிடும், சட்டியிலும் ஒட்டாது.

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 6, இரவு 10:05

நெய் விட வேண்டாம் அம்மா. நெய் விட்டால் அது வேறு அல்வா. திருநெல்வேலி அல்வாவுக்கு நெய்தான் உயிர், அதை யாரும் மறுக்கவில்லை. மஸ்கோத்தின் வாசமே தேங்காய் எண்ணெய் சூட்டில் சிவக்கும் வாசம். நெய் அதை மூடிவிடும். அப்பா ஒரு வாய் வைத்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்.

முதலில் எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். தேங்காய்ப்பால் நீங்களே பிழிந்ததா, கடையில் வாங்கியதா? மைதாவைத் தண்ணீரில் கசக்கி எடுக்கும் மாவுப் பாலை எத்தனை மணி நேரம் தெளிய விட்டீர்கள்? சர்க்கரை எவ்வளவு?

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 7, காலை 6:50

அண்ணி, நன்றி. முதல் இரண்டு முறை அட்டைப்பெட்டியில் வரும் தேங்காய்ப்பால். மூன்றாம் முறை நானே மிக்சியில் அரைத்துப் பிழிந்தேன், ஆனால் பால் நீர்த்துப்போய் வந்தது, மேலே வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது. மாவுப் பாலை இரண்டு மணி நேரம் வைத்தேன். சர்க்கரை, மைதாவைப் போல ஒன்றரைப் பங்கு. இனிப்பைக் குறைக்கலாம் என்று நினைத்தேன்.

---

வேதியியல் வாத்தியார்
டிசம்பர் 7, காலை 8:15

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. பள்ளியில் முப்பது ஆண்டு வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் மிகச் சிறிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தேங்காயில் உள்ள புரதம் ஒவ்வொரு துளியையும் ஆடைபோல் சுற்றி நிற்கிறது. சூடு 80 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் புரதம் உறையத் தொடங்கும். ஆடை கிழிந்தால் துளிகள் ஒன்றாகி எண்ணெயாக மேலே வரும், உறைந்த புரதம் கட்டி கட்டியாக நிற்கும். இதைத்தான் பாயசத்தில் "திரிந்துவிட்டது" என்கிறோம். இதே சங்கதி அல்வாவில் நடந்தால் "எண்ணெய் கக்கிவிட்டது" என்று மகிழ்கிறோம். நடப்பது ஒன்றுதான். ஒன்றில் அதை நடக்க விட வேண்டும், மற்றொன்றில் தடுக்க வேண்டும். தேங்காய்ப்பால் பலகாரம் எதை எடுத்துக்கொண்டாலும் முதலில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

இனி அட்டைப்பெட்டிப் பாலுக்கு வருகிறேன். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் நிலைப்படுத்தி, பால்மமாக்கி என்று ஏதாவது ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள், கொத்தவரைப் பிசின் போல. மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தாலும் எண்ணெய் தனியே பிரியக் கூடாது என்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நீங்கள் ஒன்றரை மணி நேரம் கிண்டினாலும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழம்புக்கும் அவசரப் பாயசத்துக்கும் அந்தப் பால் நன்றாகவே உதவும். எண்ணெய் கக்க வேண்டிய அல்வாவுக்கு உதவாது.

---

அடுப்படி அவசரம்
டிசம்பர் 7, காலை 8:40

அப்படியானால் பாயசத்துக்கு அந்தப் பால் திரியாமல் நின்றிருக்க வேண்டுமே? அவருக்குத் திரிந்துவிட்டதே!

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 7, காலை 9:02

பாயசம் வைத்தது மூன்றாம் முறை பிழிந்த பாலில் மீந்ததை வைத்துத்தான். சொல்ல மறந்துவிட்டேன்.

---

பாலக்காட்டு மருமகள்
டிசம்பர் 7, காலை 11:20

பாயசத்துக்கு நான் வருகிறேன். எனக்குப் பிறந்த வீடு திண்டுக்கல், புகுந்த வீடு பாலக்காடு. கல்யாணமான முதல் ஓணத்துக்கு அடைப் பிரதமன், அதாவது அரிசி அடைத் துண்டுகள் போட்ட தேங்காய்ப்பால் பாயசம், கிண்ட என்னிடம் கரண்டியைக் கொடுத்தார்கள். மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "மூன்றாம் பாலில் வேகவை, இரண்டாம் பாலில் குறுக்கு, முதல் பாலில் இறக்கு."

துருவிய தேங்காயை முதலில் மிகக் குறைந்த தண்ணீர் தெளித்துப் பிழிந்தால் வரும் கெட்டிப் பால்தான் முதல் பால். அதை எடுத்துத் தனியே மூடி வைத்துவிட வேண்டும். சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னொரு முறை பிழிந்தால் மூன்றாம் பால், தண்ணீராகத்தான் இருக்கும். பிழிந்த வரிசைக்கு நேர்மாறாக அடுப்பில் சேர்க்க வேண்டும். மூன்றாம் பால், இரண்டாம் பால் இரண்டிலும் எண்ணெய் குறைவு. அவை எவ்வளவு கொதித்தாலும் பெரிய கேடு இல்லை. வெல்லப் பாகும் அடையும் அதிலேயே வெந்து, சாறு ஊறி, கெட்டியாகிவிடும். முதல் பாலை விட்டபின் ஒரு கொதி வரக்கூடாது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி எழும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். சட்டியின் சூடே போதும். உருளியாக இருந்தால் அதையும் கீழே இறக்கிவிட வேண்டும், அணைத்த பிறகும் உருளி வெகுநேரம் கொதிக்கும்.

நீங்கள் எல்லாப் பாலையும் ஒன்றாகக் கலந்து வெல்லத்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். சரியா? வெல்லத்தில் லேசான புளிப்பும் உப்பும் இருக்கும். அது வேறு திரிவதைத் துரிதப்படுத்தும். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, தனியே பாகாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஆடி முதல் தேதிக்கு எங்கள் அம்மா வீட்டில் ஆடிப் பால் காய்ச்சுவோம். அதற்கும் இதே விதிதான். வெல்லப் பாகு ஆறி வெதுவெதுப்பானதும்தான் முதல் பால், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. அடுப்பின் மேல் வைக்கவே மாட்டோம். பால் கொழுக்கட்டைக்கு மட்டும் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். உருண்டைகளில் இருந்து கரையும் அரிசி மாவு பாலைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

---

வேதியியல் வாத்தியார்
டிசம்பர் 7, பகல் 1:05

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். நான் ஒரு பக்கம் எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். அரிசி மாவு பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரி. வெந்த மாவு கெட்டியாக நின்று துளிகள் ஒன்றையொன்று நெருங்க விடாது.

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 7, பகல் 2:30

ஆமாம் அக்கா, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து தளதளவென்று கொதிக்க விட்டேன்.

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 7, இரவு 9:45

பகலெல்லாம் வேலை, இப்போதுதான் உட்கார்ந்தேன். மல்லிகை, உங்கள் மூன்று பதிலிலும் ஒவ்வொரு தவறு இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள்.

அளவு: மைதா கால் கிலோ, நன்றாக முற்றிய பெரிய தேங்காய் மூன்று, சர்க்கரை 600 கிராமுக்குக் குறையாமல், முந்திரி ஒரு கைப்பிடி, ஏலக்காய் விருப்பம்போல. சர்க்கரையைக் குறைத்தீர்கள் என்றீர்களே, பூசணம் பூத்ததற்கு அது ஒரு காரணம். இந்த அல்வாவில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அல்ல, கெடாமல் காப்பதற்கும்தான். மிச்சமிருக்கும் ஈரத்தை அதுதான் கட்டிப் போடுகிறது. இனிப்பு வேண்டாம் என்றால் துண்டைச் சின்னதாக வெட்டுங்கள், சர்க்கரையில் கை வைக்காதீர்கள்.

மாவு: உப்புப் போடாமல் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி நான்கு மணி நேரம் விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே கசக்குங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும், கையில் ரப்பர் மாதிரி ஒரு பிண்டம் மிஞ்சும். அதை எடுத்துப் போட்டுவிட்டு, பாலை மல் துணியில் வடிகட்டுங்கள். பிறகு அதை இரவு முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் போதவே போதாது. காலையில் பார்த்தால் மேலே மஞ்சளாக, லேசாகப் புளித்த வாடையோடு தெளிந்த நீர் நிற்கும். அதைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும் பாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தெளிநீரைக் கொட்டாவிட்டால் அத்தனை தண்ணீரையும் அடுப்பில்தான் வற்றவைக்க வேண்டும், கை ஓய்ந்துபோகும்.

தேங்காய்: இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், மட்டை நீக்கிய ஓடு கருத்திருக்க வேண்டும். சட்னிக்கு வாங்கும் பாதி முற்றிய காய் வேண்டாம், அதில் எண்ணெய் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் திருவலையில்தான் துருவுவோம். கறுப்புத் தோல் படாமல், வெள்ளையை மட்டும் துருவ வேண்டும். ஓட்டோடு ஒட்டித் துருவினால் அல்வா அழுக்கு நிறமாக வரும்.

உங்கள் பாலில் வெள்ளைத் துகள் மிதந்தது என்றீர்களே, தேங்காயைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து எடுத்தீர்களா?

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 7, இரவு 10:10

ஆமாம் அண்ணி! சில்லுகளாக வெட்டிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அதை அப்படியே மிக்சியில் போட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டு அரைத்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

---

வேதியியல் வாத்தியார்
டிசம்பர் 8, காலை 7:30

நானும் சொல்லலாமா? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பரில் உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். குளிர்ந்த காயைக் குளிர்ந்த நீரில் அரைத்தால் எண்ணெய் வெண்ணெய்போலத் திரண்டு துகளாக நிற்கும், துணியிலும் சக்கையிலும் ஒட்டிக்கொள்ளும். பாலில் வந்து சேர்வது மிச்சம் மீதிதான். எண்ணெயே இல்லாத பாலில் இருந்து எண்ணெய் எப்படிக் கக்கும்?

ஒரு கணக்குப் பாருங்கள். தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. மூன்று பெரிய காயில் 900 கிராம் துருவல் கிடைத்தால் அதில் கொழுப்பு 300 கிராம். கையால் பிழிந்து அதில் பாதியை எடுத்தாலே 150 கிராம் ஆகிறது. கால் கிலோ மைதா அல்வாவுக்கு அது தாராளம். ஆக, வெளியிலிருந்து ஒரு சொட்டும் விட வேண்டியதில்லை என்று அண்ணி சொல்வது வெறும் பிடிவாதம் அல்ல, கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

துருவலில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, பிறகு அரைத்துப் பிழியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளி ஊர்க்காரர்கள் சொல்லும் நேரத்தை அப்படியே நம்பாதீர்கள். மாவு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். கடிகாரத்தைப் பார்க்காமல் சட்டியைப் பாருங்கள்.

---

அடுப்படி அவசரம்
டிசம்பர் 8, காலை 9:15

நான் கேட்பது தவறாக இருந்தால் மன்னியுங்கள். மைதாவைப் பிசைந்து, ஊறவைத்து, கசக்கி, ஓர் இரவு தெளியவைத்து, கடைசியில் கிடைப்பது வெறும் மாவுச்சத்துத்தானே? கார்ன்ஃபிளாரும் மாவுச்சத்துத்தான். அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் இருபது நிமிடத்தில் வேலை முடிந்துவிடுமே. நான் அப்படித்தான் செய்கிறேன், என் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இரண்டு நாள் அல்வா நடக்கிற காரியமா?

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 8, பகல் 12:40

பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டால் அது நல்ல பலகாரம்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பம்பாய் அல்வா, கராச்சி அல்வா என்று கடைகளில் விற்பது கார்ன்ஃபிளாரில் செய்வதுதான். கடித்தால் சவ்வுபோல் எதிர்த்து நின்று, பிறகு துண்டாக அறுபடும். மஸ்கோத் அப்படி அல்ல. விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழும்பும், வாயில் போட்டால் வழுக்கிக்கொண்டு கரையும். மைதாப் பால் ஓர் இரவு நின்று லேசாகப் புளிக்கிறதே, அந்தப் புளிப்பு தேங்காயின் திகட்டலை வெட்டும். கார்ன்ஃபிளாரில் அது கிடைக்காது.

நானும் வேலைக்குப் போகிறவள்தான். வெள்ளி இரவு மாவுப் பால் எடுத்து வைத்துவிடுவேன், சனிக்கிழமை காலை கிண்டுவேன். கையால் செய்யும் வேலை மொத்தமாகச் சேர்த்தால் மூன்று மணி நேரம். மீதி நேரம் அது தானாகத் தெளிந்துகொண்டிருக்கிறது.

---

அடுப்படி அவசரம்
டிசம்பர் 8, பகல் 1:10

நல்லது அண்ணி. ஒரு முறை உங்கள் வழியில் செய்து பார்க்கிறேன்.

---

கீழக்கரை மரைக்காயர் வீடு
டிசம்பர் 9, இரவு 8:20

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையைப் படித்ததும் எங்கள் ஊர்த் தொதலைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கீழக்கரைக்கு வந்து தொதல் வாங்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. இதுவும் தேங்காய்ப்பாலின் எண்ணெயிலேயே வேகும் பலகாரம்தான். மைதாவுக்குப் பதில் அரிசி மாவு, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. நிறம் கறுப்பு.

எங்கள் உம்மா கிண்டும் அளவு: அரிசி மாவு அரைக் கிலோ, கருப்பட்டி ஒன்றரைக் கிலோ, தேங்காய் எட்டு. பெரிய சட்டியில் விறகடுப்பில் ஏற்றினால் காலை பத்து மணிக்குத் தொடங்குவது பகல் தொழுகை தாண்டியும் ஓடும். வீட்டில் உள்ள ஆண்கள் எல்லோரும் முறை வைத்துத் துடுப்பைப் பிடிப்போம். கடைசி அரைமணி நேரம் சட்டியில் இருந்து கையை எடுக்கவே முடியாது. எடுத்தால் அடி பிடித்து, அந்தத் தீய்ந்த வாடை முழுச் சட்டியையும் பிடித்துக்கொள்ளும்.

கடல் தாண்டினால் இலங்கையிலும் தொதல் உண்டு. மலேசியா, இந்தோனேசியாவில் டோடோல் என்கிறார்கள். கோவாவிலும் அதே பெயரில் கிறிஸ்துமஸுக்குக் கிண்டுகிறார்கள். எல்லாவற்றிலும் தேங்காய்ப்பால், அரிசி மாவு, பனை வெல்லம் அல்லது தென்னை வெல்லம். கப்பல் போன துறைமுகங்களில் எல்லாம் இந்தச் சட்டியும் போயிருக்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மல்லிகைக்கு என் யோசனை ஒன்று. எண்ணெய் கக்கத் தொடங்கியதும் அவசரப்பட்டு இறக்கிவிடாதீர்கள். முதலில் ஓரத்தில் கசியும், நீங்கள் கிண்டும்போது அல்வா அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய எண்ணெயை இரண்டாம் முறை கக்கும்போதுதான் பதம். உம்மா அதை "இரண்டாம் கக்கல்" என்று சொல்வார்கள்.

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 9, இரவு 9:30

வ அலைக்கும் ஸலாம் தம்பி. அந்த "இரண்டாம் கக்கல்" மஸ்கோத்துக்கும் அப்படியே பொருந்தும். அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை, ஆனால் அதைத்தான் பார்ப்போம். நல்ல கருப்பட்டி எங்கே வாங்குகிறீர்கள்? எங்கள் பக்கம் உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர், ஆனால் இப்போது சர்க்கரை கலந்த கருப்பட்டியும் சந்தையில் நிறைய வருகிறது.

---

கீழக்கரை மரைக்காயர் வீடு
டிசம்பர் 9, இரவு 9:50

சாயல்குடிப் பக்கம் பனையேறும் தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கிறது, பருவத்தில் ஆண்டுக்குத் தேவையானதை வாங்கி வைத்துக்கொள்வோம். உடைத்தால் உள்ளே மங்கலாக, மண்போல் இருந்தால் நல்ல கருப்பட்டி. சர்க்கரைபோல் மின்னினால் வாங்கமாட்டோம்.

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 10, மாலை 6:15

எல்லோருடைய பதிலையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். அண்ணி, கிண்டும் முறையை மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. எது முதலில், எது பிறகு?

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 10, இரவு 10:20

அடிகனமான வாணலி வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

மூன்று காயின் முதல் பாலும் இரண்டாம் பாலும் சேர்ந்து ஒரு லிட்டருக்குள் இருக்கட்டும். அதில் சர்க்கரையைப் போட்டு நடுத்தரத் தீயில் கொதிக்க விடுங்கள். இது பாயசம் அல்ல, கொதிக்கலாம், பயப்பட வேண்டாம். பாதியளவு குறுகியதும் தீயைக் குறைத்து, மாவுப் பாலை அடியோடு கலக்கி, ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிண்டுங்கள். சிலர் மூன்றையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்து ஏற்றுவார்கள். என் அத்தை அப்படித்தான் செய்வார். அதுவும் வரும், ஆனால் கைப்பழக்கம் வேண்டும், கட்டி விழுந்தால் உடைப்பது கடினம்.

ஊற்றியதும் கூழாகும், ஐந்து நிமிடத்தில் பசையாகும். இந்த இடத்தில்தான் எல்லோரும் மனம் தளர்வார்கள், கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை மெல்ல மெல்ல மறைந்து கண்ணாடித்தன்மை வரும். பிறகு ஓரத்தில் எண்ணெய் சின்ன முத்துகளாகத் தெரியும். முந்திரியை அப்போது போடுங்கள், அந்த எண்ணெயிலேயே அது பொரிந்துகொள்ளும். அல்வா மொத்தமும் ஒரே உருண்டையாகத் துடுப்போடு சுற்றி வர வேண்டும், வாணலி துடைத்துவிட்டதுபோல் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து ஆறவைத்து விரலில் உருட்டிப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டால் இறக்குங்கள்.

தட்டில் எதுவும் தடவ வேண்டாம். கொட்டியபின் மேலே நிற்கும் எண்ணெயைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். தலைக்குத் தேய்க்கலாம், தோசைக்கு விடலாம், அவ்வளவு வாசமாக இருக்கும். நன்றாக ஆறும்வரை மூடாதீர்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராக இறங்கி மறுபடியும் பூசணம்தான்.

---

பாலக்காட்டு மருமகள்
டிசம்பர் 11, காலை 7:05

பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள் தங்கை. காய்ந்த மிளகாய், உளுந்து, புளி சேர்த்து வறுத்து அரைத்தால் துவையல். அல்லது வெறும் வாணலியில் சிவக்க வறுத்து இட்லிப் பொடியில் சேர்த்துவிடுங்கள்.

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 14, இரவு 8:45

நேற்றும் இன்றும் செய்தேன். உங்கள் எல்லோருக்கும் முழுதாகச் சொல்ல வேண்டும்.

மேட்டுப்பாளையத்தில் இருந்து வரும் லாரிக்காரரிடம் சொல்லிவைத்து முற்றிய காய் நான்கு வாங்கினேன். ஆட்டிப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திருவலை இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கினேன். வெந்நீர் ஊற்றிப் பிழிந்ததும் வந்த முதல் பாலைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். கரண்டியின் பின்புறத்தில் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றது. போன முறை வந்தது பாலே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மாவுப் பால் இரவு முழுக்க நின்றது. காலையில் மேலே மஞ்சள் நீர் மூன்று விரற்கடை இருந்தது. கொட்டினேன்.

ஒன்பதரைக்கு வாணலியை ஏற்றினேன். அண்ணி சொன்ன பசைக் கட்டம் பத்துக்கு முன்பே வந்துவிட்டது. பத்தரைக்கும் பசை, பத்தே முக்காலுக்கும் பசை. தோள்பட்டை கடுத்தது. "கெடவில்லை, கிண்டிக்கொண்டே இருங்கள்" என்று நீங்கள் எழுதியதைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன், அதைப் பார்த்துக்கொண்டே கிண்டினேன். பதினொன்று இருக்கும். துடுப்பை இழுத்த தடத்தில் ஓர் ஈரக்கோடு தெரிந்தது. தண்ணீரோ என்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை. தொட்டால் வழுவழுவென்று இருந்தது. பிறகு வாணலியின் ஓரம் சுற்றிலும் முத்து முத்தாக எழுந்தது, கிண்டினால் உள்ளே போய்விட்டது. மரைக்காயர் வீட்டு அண்ணன் சொன்ன அந்த முதல் கக்கல் இதுதான் என்று இறக்காமல் நின்றேன். இன்னும் இருபது நிமிடம். இரண்டாம் முறை கக்கியபோது அல்வா எண்ணெயில் மிதந்தது, முந்திரி சுற்றிலும் பொரிந்து சிவந்தது, வீடு முழுக்கத் தேங்காய் மணம்.

ஆறியபின் ஒரு சின்னக் குழப்பம். மாலையில் எடுத்துப் பார்த்தால் அல்வாவின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. மறுபடி பூசணமா என்று நெஞ்சு படபடத்தது. வாத்தியார் ஐயா சொன்ன 24 டிகிரி நினைவுக்கு வந்தது. விரலை வைத்ததும் உருகிவிட்டது. எண்ணெய்தான் உறைந்திருக்கிறது! துண்டுகளைத் தட்டில் வைத்து, கொதிக்கும் இட்லிப் பானை மூடியின் மேல் ஐந்து நிமிடம் வைத்தேன், மறுபடி கண்ணாடியாகிவிட்டது.

---

வேதியியல் வாத்தியார்
டிசம்பர் 14, இரவு 9:00

இட்லிப் பானை மூடி! மிக நல்ல யோசனை அம்மா. நேரடியாக அடுப்பில் காட்டியிருந்தால் அடி உருகி வடிந்திருக்கும்.

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 14, இரவு 9:25

மல்லிகை, படிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா சாப்பிட்டாரா? என்ன சொன்னார்?

---

குன்னூர் மல்லிகை
டிசம்பர் 14, இரவு 9:40

இன்று இரவு கொடுத்தேன் அண்ணி, கிறிஸ்துமஸ்வரை பொறுக்க முடியவில்லை. துண்டை வாயில் போடுவதற்கு முன்னால் அது இருந்த காகிதத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் ஊறி, காகிதம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது. "ம், சரியாக வந்திருக்கிறது" என்றார். பிறகுதான் சாப்பிட்டார். அவர்கள் ஊரில் அப்படித்தான் பார்த்து வாங்குவார்களாம்.

மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, தாத்தா வீட்டுத் திண்ணையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 14, இரவு 9:55

எங்கள் மாமனாரும் காகிதத்தைத்தான் பார்ப்பார்! மறந்தே போயிருந்தேன்.

---

அடுப்படி அவசரம்
டிசம்பர் 14, இரவு 10:10

வெள்ளி இரவு மாவு ஊறப்போடுகிறேன். அண்ணி, எங்கள் வீட்டில் இரும்பு வாணலிதான் இருக்கிறது. நிறம் கறுக்குமா?

---

நாசரேத் அண்ணி
டிசம்பர் 14, இரவு 10:30

நன்கு பழக்கப்பட்ட வாணலியாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். லேசாகச் சிவக்கும், அவ்வளவுதான். இறக்கியதும் வாணலியிலேயே ஆறவிடாமல் உடனே தட்டுக்கு மாற்றிவிடுங்கள். சனிக்கிழமை காலை நான் வீட்டில்தான் இருப்பேன், பசைக் கட்டத்தில் சந்தேகம் வந்தால் இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.